தானா மொளச்ச தோட்டம்

பம்பு ஓடும்போது அதன் கழுத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சொட்டாவிட்டால்தான் பயம். சுழலும் தண்டைச் சுற்றித் திணித்திருக்கும் கயிறு காய்ந்து புகையும். தண்டு தேயும். ஊருக்குத் தண்ணீர் நிற்கும். அதிகம் சொட்டினாலும் தப்பு, வீண். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவது பம்ப்காரரின் வேலை. ஸ்பானரால் நட்டைக் கொஞ்சம் முறுக்குவார், கொஞ்சம் தளர்த்துவார், காதைக் கொடுத்துக் கேட்பார். "ம்" என்பார். அன்றைய பேச்சில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

"மீதிப் பாதிய எங்கிட்ட பேசலாம்ல" என்பாள் மனைவி.

"என்ன பேச?"

"அதுவும் சரிதான்."

அந்தச் சொட்டுத் தண்ணீர் முன்பு சுவரோரச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்த நீரேற்று நிலையத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் அவர் உடைந்த செங்கலைப் பதித்து ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் கட்டினார். பம்பு வீட்டிலிருந்து குடியிருப்பின் வாசல் வழியாக வெளிச்சுவர் வரை அது வளைந்து போனது. அதன் இரண்டு கரையிலும் தோட்டம்.

விலைக்கு வாங்கின செடி ஒன்றுகூடக் கிடையாது. கல்வாழைக் கிழங்கு பூங்காவின் குப்பையிலிருந்து வந்தது. ரோஜா, இடுகாட்டுச் சுவருக்கு வெளியே கிடந்த மலர் வளையத்திலிருந்து உருவிய குச்சி. அல்லி இருந்த சிமெண்டுத் தொட்டி ஒரு பக்கம் விரிசல். பெரணியைப் பழைய கிணற்றின் உள்சுவரிலிருந்து சுரண்டி எடுத்தார். வாசலுக்கு வெளியே சுவர்மேல் படர்ந்து கிடந்த காகிதப்பூ மட்டும் முதலில் வேலிக்கு நட்ட குச்சி. அது துளிர்த்தபோது பழைய குழாய்களை வெட்டிப் பந்தல் போட்டார். யாரோ வேண்டாமென்று போட்டதெல்லாம் அவர் கையில் பிழைத்தது. அவளையும் சேர்த்துத்தான் என்று அவள் சொல்வாள். முதலில் பேசிவைத்த மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிய பிறகுதான் இவர் வந்து கட்டிக்கொண்டார்.

ஊருக்கு அவரைத் தெரியாது. தண்ணீர் வரும் நாளில் யாரும் பம்ப்காரரை நினைப்பதில்லை. வராத நாளில் நினைப்பார்கள், நினைப்பது நல்லபடியாக இருக்காது. அவருக்கு அது உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. அடுத்த வருஷம் ஓய்வு. குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். வேறொருத்தன் வந்து இந்தத் தோட்டத்துக்குத் தன் பேரைச் சொல்லிக்கொள்வான்.

ஏற்கெனவே ஒருத்தன் சொல்லிக்கொண்டிருந்தான்.

அது காலண்டர் விவகாரம். ஒருநாள் காலை வெளிச்சுவருக்கு அப்பால் ஒரு ஆள் கேமராவோடு நின்றான். சாலை அகலப்படுத்த அளக்கிறான் போல என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். மறு வருஷம் மருந்துக் கடைக்குப் போனபோது கல்லாவுக்குப் பின்னால் அவள் வீட்டுச் சுவர் தொங்கியது. காகிதப்பூ தீப்பிடித்த மாதிரி. அதன் அடியில், 'தோட்டமும் படமும்' என்று போட்டு, அந்த ஆளின் பேர்.

"இது எங்க வீடு" என்றாள்.

மருந்துக் கடைக்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எதும்மா?"

"அந்தப் படம். பாருங்க, சுவத்துல ஓட்டை. குழாய் போற ஓட்டை. எங்க வீட்டுக்காரர் போட்டது."

"ஓட்டையா?"

"தோட்டம்."

"பூவுல பேரு எழுதியிருக்காம்மா? எல்லா வீட்டுலயும் பூக்கற பூ. மாத்திரை வேணுமா, வேண்டாமா?"

அவள் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். அவர் காலண்டரைக் கழற்றிச் சுருட்டி அவள் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து அந்தப் பேரைக் கொண்டை ஊசியால் சுரண்டினாள். தாள் கிழிந்தது. கிழிந்த காலண்டரை அடுப்பங்கரையில் மாட்டினாள். வருஷம் முடிந்தும் கழற்றவில்லை.

"ஒரு வார்த்த கேட்டுட்டு எடுத்திருக்கலாம்ல" என்று சோறு போடும்போதெல்லாம் சொல்வாள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்போம்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"குடுத்த மாதிரியே நெனச்சுக்கோ."

அவளால் அப்படி நினைத்துக்கொள்ள முடியவில்லை.

*

அதனால் படக்காரப் பெண் ஒருத்தி கதவைத் தட்டி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, "உங்க தோட்டத்தப் படம் எடுத்துக்கலாமாங்க?" என்று கேட்டபோது, மனைவி கதவை அகலத் திறந்தாள். ஒரு மாத இதழுக்காக எடுக்கிறாளாம். வீட்டுத் தோட்டங்களைப் பற்றித் தொடர். அவள் தோளில் பை, கழுத்தில் கேமரா, நெற்றியெல்லாம் வியர்வை.

பம்ப்காரர் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"செடிய எடுத்துக்கோங்க. என்ன விட்டுடுங்க."

"சரிங்கய்யா. பேரு போடலாமா?"

"செடி பேரா?"

"உங்க பேரு. தோட்டம் யாருதுன்னு."

"அது எதுக்கு?"

"எதுக்குன்னா?" என்றாள் மனைவி. "போடும்மா. நல்லாத் தெரியற மாதிரி போடு. முழுப் பேரா போடு."

"ஐயா வேணாங்கறாரே."

"அவரு சோறே வேணாம்பாரு. அதுக்காகப் போடாம இருக்கறேனா?"

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். அவர் அல்லித் தொட்டியைப் பார்த்தார். பிறகு, "அவ சொன்னா சரி" என்றார்.

"எடம்? நீரேற்று நிலையம்னு போடலாமா, இல்ல ஊரு மட்டும் போதுமா? சில பேருக்கு எடம் வெளிய தெரியறது பிடிக்காது. அதான் கேக்கறேன்."

"போடு. இல்லாட்டி அதே பேருல ஊருக்குள்ள வேற ஆளு இருந்தா?"

"நாளைக்குக் காலைல வரேம்மா. இப்ப வெயில் உச்சில நிக்குது." வாசலில் செருப்பை மாட்டியபடி அந்தப் பெண் காகிதப்பூவை அண்ணாந்து பார்த்தாள். "இதுக்கு நெறையத் தண்ணி விடுவீங்களா?"

இந்தக் கேள்விக்கு அவர் தானாகவே பதில் சொன்னார். "இதுக்குத் தண்ணி காட்டவே கூடாது. வயிறு நெறஞ்சா எலை விட்டுட்டு உக்காந்துரும். பட்டினி போட்டாத்தான் பூக்கும்."

அவள் போன பிறகு மனைவி வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். "எப்படிக் கேக்குது பாத்தீங்களா? செருப்பக் கழட்டிட்டுக் கேக்குது."

"ம்" என்றார்.

மறுநாள் காலை அவர் பம்பு வீட்டில் இருந்தார். அவள் தோட்டத்தைப் பார்த்தாள். கல்வாழை இலைகளில் சாலைப் புழுதி. பெரணி சோர்ந்து கிடந்தது. சொட்டுத் தண்ணீர் வேருக்குப் போகும், இலையைக் கழுவாது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் பிள்ளையை அழுக்கோடு நிறுத்துவார்களா? பம்பு வீட்டுத் தரையைக் கழுவ வைத்திருந்த ஓஸ் பைப்பை இழுத்து வந்து, கட்டைவிரலால் வாயை அடைத்து, இலை இலையாகப் பீய்ச்சினாள். செடிகள் பளபளத்தன.

சத்தம் கேட்டு அவர் வந்தார். "என்ன பண்ற?"

"தூசிங்க. படத்துல தெரியும்."

"ஊருக்கு ஏத்தற தண்ணி அது. மூடு."

"மூடறேன், மூடறேன். ஒரு நாள்தானே."

அவர் உள்ளே போனார். அதற்குள் படக்காரப் பெண் வந்துவிட்டாள். அவளுக்கு டீ போட வேண்டும். நல்ல புடவைக்கு மாற வேண்டும். வந்து பார்க்கும்போது அந்தப் பெண் வாய்க்கால் ஓரம் முழங்காலிட்டுக் கேமராவைக் கண்ணில் வைத்திருந்தாள்.

"அம்மா, ஓஸ் குறுக்க கெடக்கு. தண்ணியும் வருது. எடுத்துடவா?"

அவள் பார்த்தாள். பச்சைப் பைப், கல்வாழைக்கு நடுவில் பாம்பு மாதிரி வளைந்து, வாயிலிருந்து வெள்ளி மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது.

"கெடக்கட்டும். ஆளு வேல பாக்கற எடம்னு தெரியட்டும்" என்றாள்.

*

இதழ் வெளிவந்தது கோடையின் நடுவில். ஆற்றில் மணல்தான் ஓடியது. ஊருக்கு நாலைந்து நாளைக்கு ஒருமுறை, அதுவும் அரை மணி நேரம், குழாயில் தண்ணீர் வந்தது. வந்ததைவிட அதிகமாகக் காற்று வந்தது.

இதழில் தோட்டம் இரண்டு பக்கம் பரந்து கிடந்தது. ஈர இலை ஒவ்வொன்றிலும் சூரியன். கீழே அவர் முழுப்பேர், பம்பு இயக்குநர், நீரேற்று நிலையக் குடியிருப்பு. எழுத்துப் பிழை இல்லை. அவள் விரலால் தடவிப் பார்த்தாள். காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் இதைத் தொங்கவிடலாமா என்று யோசித்தாள். இரண்டு நாள் யோசித்தாள்.

மூன்றாம் நாள் நாத்தனார் வந்தாள். பம்ப்காரரின் தங்கை, ஊருக்குள் கட்டிக்கொடுத்தது. இடுப்பில் காலிக் குடம். குடத்தை நடு வீட்டில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, ஊரெல்லாம் அண்ணன் பேச்சுதான்."

"பாத்தியா? நல்லா வந்திருக்குல்ல?"

"நல்லா வந்திருக்கு. முடிவெட்டற கடைல ஒட்டியிருக்காங்க. அதுக்கு அடியில ஒருத்தன் எழுதி வச்சிருக்கான்."

"என்னன்னு?"

"அத எதுக்கு என் வாயால கேட்டுக்கிட்டு." நாத்தனார் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "பேரு பெத்த பேராம், தாகத்துக்குத் தண்ணி இல்லையாம். அந்தக் கதைதான். உங்க வீட்டுப் பெரணி குளிச்சுட்டு நிக்குது. எங்க வீட்டுப் புள்ளைங்க குளிச்சு எத்தன நாளாச்சு தெரியுமா?"

"அது சொட்டுத் தண்ணிடி. சாக்கடைக்குப் போறது. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? படத்துல ஓஸ்ல இருந்து கொட்டுதே, அதுவும் சொட்டா?"

அவள் நடு வீட்டிலிருந்த காலிக் குடத்தைப் பார்த்தாள்.

"எந்த மகராசி ஓஸப் போட்டு வச்சா அங்க?"

"நான்தான்."

நாத்தனார் எழுந்தாள். குடத்தை எடுத்தாள். தண்ணீர் பிடிக்காமலே திரும்பினாள். "இன்னிக்கு இங்கேர்ந்து குடத்தோட போனா என்னையும் சேத்து வைவாங்க. நான் வரேன் அண்ணி."

மறுநாள் காலை நிலையத்தின் இரும்புக் கதவுக்கு வெளியே யாரோ ஒரு காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதற்கு மறுநாள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் வேறு வேறு நிறம். பிளாஸ்டிக்கில் இத்தனை நிறம் உண்டா என்று தோன்றியது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லலாம். பம்ப்காரர் குடங்களை ஓரமாக நகர்த்தி அடுக்கிவிட்டு வேலைக்குப் போனார்.

"வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்" என்றாள் அவள், அவர் முதுகைப் பார்த்து.

அவர் நிற்கவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

*

இன்ஜினியர் வந்தபோது குடங்களைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. வயதில் சின்னவர். முன்பு வந்தபோதெல்லாம் தோட்டத்தில் நாற்காலி போடச் சொல்லி டீ குடித்தவர். இந்த முறை பம்பு வீட்டுக்குள் நின்றுகொண்டே பேசினார். அவள் டீயோடு வாசலில் நின்றாள். போ என்று யாரும் சொல்லவில்லை.

"சொட்டுத் தண்ணினு எனக்குத் தெரியும். எல்லாப் பம்புலயும் சொட்டும், தெரியும். ஆனா நான் போய் யாருக்குச் சொல்ல? மேல இருந்து அந்தப் பக்கத்தக் கிழிச்சு எனக்கு அனுப்பியிருக்காங்க. ஓஸ வட்டம் போட்டு அனுப்பியிருக்காங்க."

"ஒரு நாள் சார். எல கழுவ" என்றார் பம்ப்காரர்.

"ஒரு நாள்னு படத்துல இல்லையே."

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டார்கள்.

"உங்களுக்கு அடுத்த வருஷம் ஓய்வு. இப்ப வேலையிலிருந்து நிறுத்தி வச்சாங்கன்னா விசாரண முடியவே ரெண்டு வருஷம் ஆகும். வீட்டையும் காலி பண்ணணும். பென்ஷன் நிக்கும். எனக்கு அது வேண்டாம். ஒரு வழி இருக்கு."

"சொல்லுங்க சார்."

"தோட்டம் நீங்க போட்டதில்ல. கழிவுத் தண்ணி தேங்கற எடம், செடி தானா மொளச்சுது. பத்திரிகக்காரங்க உங்களக் கேக்காம பேரப் போட்டுட்டாங்க. ஓஸ் தரை கழுவ வச்சது, அந்த நேரம் அங்க கெடந்துச்சு. இத எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பத்திரிகயிலயும் திருத்தம் வரணும். ரெண்டும் சேந்தா நான் முடிச்சுடுவேன்."

பம்ப்காரர் ஸ்பானரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"கல்வாழ தானா மொளைக்கும் சார். பந்தல் தானா கட்டிக்குமா?"

"கட்டிக்கிச்சுன்னு எழுதுங்க."

"வாய்க்கா?"

"வாய்க்கா ஏற்கெனவே இருந்துச்சு. உங்களுக்கு முன்னாடியே."

"எனக்கு முன்னாடி இங்க முள்ளுதான் சார் இருந்துச்சு."

"ஐயா." இன்ஜினியர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு இந்தப் பேரு வேணுமா, சோறு வேணுமா?"

"பேரு நான் கேக்கல சார்" என்றார் அவர்.

வாசலில் நின்றவள் தட்டிலிருந்த டீயைப் பார்த்தாள். ஆடை படிந்திருந்தது.

இன்ஜினியர் போகும்போது அவளிடம் மட்டும் சொன்னார்: "நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்கம்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

அன்று முழுக்க அவர் பேசவில்லை. வழக்கமாகப் பேசாததும் இதுவும் ஒன்றல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. மாலையில் வாய்க்கால் ஓரம் குந்தி உட்கார்ந்து ரோஜாவின் காய்ந்த இலைகளைக் கிள்ளினார். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"எழுதிக் குடுத்துடுங்க."

"பொய்யி."

"ஆமா. பொய்யிதான்."

"இது போன மாசம் பட்டுப்போச்சுனு நெனச்சேன்" என்று ரோஜாவைக் காட்டினார். "திருப்பித் துளிர்த்துருக்கு பாரு. தானாவா துளிர்த்துச்சு?"



*

படக்காரப் பெண்ணின் அறை ஒரு அச்சகத்துக்கு மேலே. படிக்கட்டு முழுக்க மை வாசம். பம்ப்காரரின் மனைவியைப் பார்த்ததும் அவள் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சுவர் முழுக்கத் தோட்டங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பேர்.

"விஷயம் தெரியும்மா. ரெண்டு மூணு பேரு திட்டி எழுதியிருந்தாங்க. நானே வரணும்னு இருந்தேன். மூஞ்சியக் காட்ட வெக்கமா இருந்துச்சு."

"உனக்கு எதுக்கு வெக்கம்? நீ கேட்டுத்தானே எடுத்த."

"ஓஸப் பாத்ததும் நான் நகத்தியிருக்கணும்."

"நகத்தவான்னும் கேட்ட. நான்தான் கெடக்கட்டும்னேன்." அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஒரு உதவி கேட்டு வந்தேன் பாப்பா. பேரு தப்பா போட்டுட்டோம்னு போடணும்."

"தப்பா போடலையேம்மா."

"போட்டுட்டேன்னு போடு. அவரக் கேக்கலனு போடு. தோட்டம் அவரு போட்டதில்ல, தானா மொளச்சதுனு."

அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்தாள். கீழே எந்திரம் தட்டிக்கொண்டிருந்தது.

"நான் எத்தன தடவ கேட்டேன்? ஐயாவக் கேட்டேன், உங்களக் கேட்டேன், எடம் போடலாமான்னு கேட்டேன்."

"கேட்ட."

"கேக்காம எடுக்கறதில்ல, பேரில்லாம போடறதில்லன்னுதான் ஜனங்க கதவத் தொறக்கறாங்க. கேக்காமப் போட்டேன்னு நானே எழுதினா, நாளைக்கு எந்த வீட்டுல உள்ள விடுவாங்க?"

"விட மாட்டாங்க" என்றாள் அவள். "காலண்டர்க்காரன் ஒருத்தன் இருக்கான். சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு எடுத்து அவன் பேரப் போட்டுக்கிட்டான். அவன் நல்லா இருக்கான். எங்களுக்கும் ஒண்ணும் ஆகல. நீ செருப்பக் கழட்டிட்டு வந்து கேட்ட. நீயும் கெட்ட, நாங்களும் கெட்டோம். இதுல ஞாயம் எங்க இருக்குன்னு என்னைக் கேக்காத."

அந்தப் பெண் அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள்.

"ஐயா என்ன சொல்றாரு?"

"பேரு நான் கேக்கலன்னாரு. இன்ஜினியர்கிட்ட சொன்னாரு. எனக்குத்தான் சொன்னாரு."

அந்தப் பெண் ஒரு தாளை எடுத்து எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். படித்துக் காட்டினாள்: 'சென்ற இதழில் வெளியான நீரேற்று நிலையத் தோட்டப் படத்தில் உரிமையாளர் பெயர் அவருடைய அனுமதியின்றி, தவறாக இடம்பெற்றுவிட்டது. அங்குள்ள செடிகள் எவராலும் வளர்க்கப்பட்டவை அல்ல. தவறு படமெடுத்தவருடையது.'

"கடைசி வரி வேணுமா?" என்றாள் அவள்.

"அது இல்லாட்டி தப்பு யாருதுன்னு கேப்பாங்கம்மா."

படியிறங்கும்போது அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் சுவரிலிருந்த அவர்கள் தோட்டத்தின் படத்திலிருந்து பேர் எழுதிய சீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, படம் கிழியாமல்.

*

அவர் கையெழுத்துப் போட்டார். அவள் சொன்னதால் போட்டாரா, படக்காரப் பெண் தன் பேரைக் கெடுத்துக்கொண்டதைக் கேட்டுப் போட்டாரா தெரியாது. பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அந்தப் புள்ளைக்குக் கல்வாழக் கிழங்கு ரெண்டு குடுத்தனுப்பியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

அவரை நிறுத்தி வைக்கவில்லை. குடியிருப்பும் தங்கியது. இன்ஜினியர் சொன்னதைச் செய்தார். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "தானா மொளச்சதுன்னு குடுத்துருக்கோம். இனி நீங்க குடத்தோட அங்க நின்னத யாராச்சும் பாத்தா எல்லாம் பாழ். வாய்க்காவ அடச்சுடுங்க."

அவரே அடைத்தார். பம்பு வீட்டு வாசலில் வாய்க்காலின் வாயில் சிமெண்டைக் குழைத்துப் பூசி, மட்டக்கட்டையால் தேய்த்து வழவழப்பாக்கினார். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவர். சொட்டுத் தண்ணீர் பழையபடி சாக்கடைக்குப் போனது.

கதவுக்கு வெளியே குடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அவரவர் குடத்தை அவரவர் எடுத்துப்போனார்கள். எது யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதலில் பெரணி போனது. பிறகு அல்லித் தொட்டியில் தண்ணீர் இறங்கி, சேறாகி, சேறு ஓடு ஓடாக வெடித்தது. கல்வாழை ஓரத்திலிருந்து பழுப்பேறி, துணி மாதிரி தொங்கியது. காலையில் அவர் வாசலில் இறங்கினால் நேராகப் பம்பு வீட்டுக்குப் போனார். இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. கடன்காரன் வீட்டைத் தாண்டிப் போகிறவன் மாதிரி போனார்.

நாத்தனார் ஒருநாள் வந்தாள். குடம் கொண்டுவரவில்லை.

"ஏன் அண்ணி, பாத்திரம் கழுவின தண்ணிய ஊத்தினா என்ன? அதுக்குமா வட்டம் போடுவாங்க?"

அவளுக்கும் அது தோன்றியிருந்தது. அன்று மத்தியானம் கழுவின தண்ணீரை அகலப் பாத்திரத்தில் சேர்த்து வைத்து, வாசலுக்குக் கொண்டுபோனாள். அப்படியே வீசிக் கொட்டுகிற பாவனையில் ரோஜாவின் பக்கம் திரும்பினாள். எல்லாவற்றுக்கும் போதாது, ஒன்றுக்குப் போதும்.

அவர் பின்னால் நின்றிருந்தார்.

"ஊத்தாத."

"எச்சத் தண்ணிதானே."

"தானா மொளச்சதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். தானாவே காயட்டும்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினாள். ரோஜா அந்த வாரம் முடிவதற்குள் குச்சியாகிவிட்டது. எந்தக் குச்சியாக வந்ததோ அதே நீளம்.

காகிதப்பூ மட்டும் சாகவில்லை. கோடை முற்ற முற்ற அது இலையை உதிர்த்துவிட்டுப் பூத்தது. பந்தல் தெரியவில்லை, சுவர் தெரியவில்லை. சுவருக்கு உள்ளே எல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடக்க, வெளியே அது மட்டும் சிவப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. போகிற வண்டிகள் நின்றன. கேட்டு எடுத்தவர்களும் உண்டு, கேட்காமல் எடுத்தவர்களும் உண்டு. அவள் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஒரு மாலை, மோட்டாரை நிறுத்திவிட்டு அவர் பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு வாசற்படியில் இருந்தாள். ஒரு இளம் ஜோடி வண்டியை ஓரம் கட்டியது. அந்தப் பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றாள்.

"ஐயா, ஒரு படம் எடுத்துக்கலாமா? உங்களுதுங்களா?"

"இல்லம்மா."

"அப்ப யாரக் கேக்கணும்?"

"யாரையும் கேக்க வேண்டாம். அது தானா மொளச்சது."

"தானாவா? பந்தலெல்லாம் இருக்கே" என்று சிரித்தாள் அந்தப் பெண். அவர் சிரிக்கவில்லை. "நாற்காலி மட்டும் கொஞ்சம் குறுக்க வருதுங்க."

அவர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டிச் சாலையோரம் போய் நின்றார்.

அந்தப் பெண் போனை உயர்த்தினாள். ஏதோ நினைவு வந்தவளாக இறக்கினாள். "நான் இத நாலு பேரு பாக்கற மாதிரி போடுவேங்க. கீழ யாரு பேராச்சும் போடணுமா?"

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்தக் கோடையில் அவர் அவளை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. முறத்தில் அவள் விரல் நின்றது.

"வேணாம்மா" என்றாள். "ஒண்ணும் போட வேணாம்."

படம் எடுத்தார்கள். காற்று வீசி, பூ உதிர்ந்து, மறுபடி எடுத்தார்கள். அவர் நாற்காலியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் அதுல விழலையே?" என்று கேட்டார்.

அந்தப் பெண் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இல்லைங்கய்யா. நீங்க தள்ளித்தான் நிக்கறீங்க."